நீலத் தொப்பியும் இரவுப் பாராசூட்டும்: அமைதி காக்கும் பணியில் மறைவான கண்காணிப்புக்கு எவ்வளவு இடம் உண்டு?

அமைதி காக்கும் படை, பாராசூட் வீரர்கள், இரகசியக் கண்காணிப்பு ஆகிய மூன்றும் ஒரே செய்தியில் சேர்ந்து வரும்போது வாசிப்பவருக்குக் குழப்பம் எழுவது இயல்பு. நீலத் தொப்பி அணிந்து, வெள்ளை வண்டியில், ஊரார் எல்லோரும் பார்க்கும்படி சாலையில் சென்று வருபவர்தான் நமக்குப் பழகிய அமைதி காக்கும் வீரர். நள்ளிரவில் பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து குதித்து, காட்டுக்குள் குழி தோண்டிப் படுத்து, ஓர் ஆயுதக் குழுவின் நடமாட்டத்தை நாட்கணக்கில் கவனிக்கும் வீரர் முற்றிலும் வேறொருவர். இவ்விருவரும் ஒரே பணியில், ஒரே கொடியின் கீழ் இருக்க முடியுமா என்பதே கேள்வி. இதில் பாராசூட் என்பது சிறு பகுதிதான் என்றே நான் கருதுகிறேன். மறைவாகப் பார்ப்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை மறைந்திருப்பவர் கொடுப்பதில்லை, வெளிப்படையாக நிற்பவரே கொடுக்கிறார் என்பதுதான் பெரிய பகுதி.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

செய்திகளில் ஒன்றுக்கு மற்றொன்றாகப் பயன்படும் மூன்று சொற்கள் இராணுவ நடைமுறையில் வெவ்வேறு பொருள் உடையவை.

1. வேவு: குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு விடை தேடிச் செல்வது. பாலம் வண்டியைத் தாங்குமா, கிராமத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள் இருக்கிறார்களா என்பன போன்றவை. விடை கிடைத்ததும் குழு திரும்பிவிடும்.

2. கண்காணிப்பு: ஓர் இடத்தையோ சாலையையோ மனிதர்களையோ தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. இங்கே தனி விடையைவிட மாற்றமே முக்கியம்; நேற்று இரண்டு வண்டிகள் வந்த இடத்துக்கு இன்று பன்னிரண்டு வந்தால் அதுவே செய்தி.

3. உளவு: அடையாளத்தை மறைத்தோ பொய் வேடமிட்டோ தகவல் திரட்டுவது. மேற்சொன்ன இரண்டையும் சீருடையோடு செய்ய முடியும்; உளவின் இலக்கணமே வேடம்தான்.

இவற்றோடு இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் பார்க்காதபடி புதருக்குள் மறைந்திருப்பது ஒன்று. அனுமதி இல்லாததால், அல்லது விதிக்கு ஒவ்வாததால், அந்தச் செயல் நடப்பதையே மறைப்பது வேறொன்று. அமைதிப் பணிகளில் புலனாய்வு பற்றி ஐ.நா. 2017-இல் வகுத்து, 2019-இல் திருத்திய கொள்கை இந்தக் கோட்டைத்தான் போடுகிறது. சட்டத்துக்கோ, ஐ.நா. கோட்பாடுகளுக்கோ, பணிக்குத் தரப்பட்ட ஆணைக்கோ ஒவ்வாதது என்பதால் ஒளித்துச் செய்யப்படும் தகவல் திரட்டல் அமைதிப் பணியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது என்றும், பணியின் எந்தப் பிரிவும் அதில் ஈடுபடக் கூடாது என்றும் அக்கொள்கை கூறுகிறது. ஆக, புதருக்குள் படுத்திருக்கும் சீருடை வீரரை விதி தடுக்கவில்லை. அவரை அங்கே அனுப்பியதற்கு ஆணையும் ஒப்புதலும் உண்டா என்றே கேட்கிறது.

பாராசூட் குழு எப்படி இறங்குகிறது?

பெரும்படை பாராசூட்டில் இறங்கும்போது விமானம் தரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்திலேயே பறக்கும். விமானத்துக்குள் கட்டப்பட்ட வார் ஒவ்வொரு வீரரின் பாராசூட்டையும் தானாக இழுத்து விரித்துவிடும். இது வேகமானது, ஆனால் மறைவானதன்று; விமானத்தின் இரைச்சல் கீழே இருக்கும் ஊர் முழுவதற்கும் கேட்கும்.

சிறு வேவுக் குழுக்கள் கையாளும் முறை வேறு. விமானம் 25,000 அடிக்கு மேலே பறக்கும்போது அவர்கள் குதிக்கிறார்கள். அதில் இரு வகை உண்டு. முதல் வகையில், சுமார் இரண்டு நிமிடம் பாராசூட் விரியாமலேயே மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து, தரைக்குச் சில ஆயிரம் அடி இருக்கும்போதுதான் விரிக்கிறார்கள். இதை 'ஹேலோ' என்கிறார்கள். இரண்டாம் வகையில், குதித்த சில நொடிகளிலேயே விரித்துவிட்டு, காற்றில் சறுக்கியபடி பல பத்துக் கிலோமீட்டர் தொலைவு பயணம் செய்கிறார்கள். இது 'ஹேஹோ'. இதற்குப் பயன்படுவது வட்டக் குடை அன்று. காற்று புகுந்ததும் விமான இறக்கைபோல் உப்பும் செவ்வக வடிவப் பாராசூட். அது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் மூன்று நான்கு மீட்டர் முன்னே செல்லும். விமானம் எல்லைக்கு இந்தப்புறம் பறந்துகொண்டிருக்க, வீரர் அந்தப்புறம் போய் இறங்குவது இவ்வாறுதான் சாத்தியமாகிறது.

அந்த உயரத்தில் உடல் படும் பாடு கொஞ்சமன்று. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 35 பாகை அளவில் இருக்கும். ஆக்சிஜன் முகமூடி இல்லாவிட்டால் மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் தெளிவாகச் சிந்திக்கும் திறன் போய்விடும். இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழ்களாக வெளிவந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்காமல் இருக்க, குதிப்பதற்கு முன்பே அரை மணி நேரத்துக்குக் குறையாமல் தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டிருக்க வேண்டும். மார்பில் கட்டிய சிறு பலகையில் திசைகாட்டியும் இடங்காட்டிக் கருவியும் இருக்கும். முன்னே செல்பவரின் விளக்குப் புள்ளியைப் பார்த்தபடி மற்றவர்கள் வரிசையாகத் தொடர்வார்கள். தொடைகளுக்கு நடுவே தொங்கும் மூட்டையில் தண்ணீர், மின்கலங்கள், தொலைநோக்கி, வானொலி எல்லாம் சேர்ந்து நாற்பது கிலோவைத் தாண்டும்.

தரையிறங்கிய பிறகுதான் உண்மையான பணி தொடங்குகிறது. பாராசூட்டைப் புதைத்துவிட்டு, விடிவதற்குள் நடந்து சென்று, பார்க்க வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியும் மேட்டில் பதுங்குகுழி அமைக்க வேண்டும். தோண்டிய மண்ணின் நிறம் மேல்மண்ணிலிருந்து வேறுபடும் என்பதால் அதைப் பைகளில் அள்ளித் தொலைவில் கொட்டுவார்கள். நெருப்பு மூட்டக் கூடாது. கழிவைக்கூடப் பையில் கட்டித் தம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கலையையே முழுநேரப் பணியாகக் கொண்ட படைப்பிரிவுகள் சில நாடுகளில் உண்டு. பிரான்சின் 13-ஆவது பாராசூட் டிராகூன் படைப்பிரிவு அதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

இவ்வளவு திறமைக்குப் பின்னும் இந்த முறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. பாராசூட் உள்ளே கொண்டுபோய் விடும், வெளியே கொண்டுவராது. ஒரு மேய்ச்சல்காரச் சிறுவனும் அவனுடைய நாயும் குழிமீது தடுக்கி விழுந்தால் போதும், மறைவு அத்தோடு முடிந்துவிடும். பிறகு ஹெலிகாப்டரோ, வண்டிகளோ, சில நேரங்களில் ஒரு சண்டையோ இல்லாமல் அந்தக் குழுவை மீட்க முடியாது.

பெயரில் உள்ள பாராசூட், பணியில் இல்லாத பாராசூட்

'பாராசூட் படையினர் வந்தனர்' என்ற செய்தியைப் படித்ததும் அவர்கள் வானிலிருந்து குதித்தார்கள் என்று முடிவு செய்துவிடக் கூடாது. பாரா என்பது பெரும்பாலும் தேர்வையும் பயிற்சியையும் குறிக்கும் பெயர்.

சியரா லியோனில் 2000 ஜூலையில், கைலாகுன் பகுதியில் கிளர்ச்சியாளர்கள் முற்றுகையிட்டிருந்த ஐ.நா.வின் இந்தியப் படையினரை மீட்கக் 'குக்ரி' நடவடிக்கை நடந்தது. அதில் பங்கேற்ற இந்திய இரண்டாம் பாரா சிறப்புப் படையினர் சென்றது சினூக் ஹெலிகாப்டர்களில். அதே ஆண்டு செப்டம்பரில், ஆயுதக் கும்பல் ஒன்று பிடித்து வைத்திருந்த பிரிட்டிஷ் வீரர்களை மீட்கும் நடவடிக்கைக்கு முன்பு, சிறப்புப் படையின் கண்காணிப்புக் குழுக்கள் ரோக்கல் ஆற்று வழியாகப் படகில் சென்று, முகாமுக்கு அருகே காட்டில் பதுங்கியிருந்து நாட்கணக்கில் கவனித்தன. பின்னர் பாராசூட் படைப்பிரிவின் வீரர்கள் வந்து இறங்கியதும் ஹெலிகாப்டரில்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: அப்போது சியரா லியோனில் ஐ.நா. அமைதிப் பணி நடந்துகொண்டிருந்தாலும், இந்த பிரிட்டிஷ் நடவடிக்கை ஐ.நா.வின் கட்டளையின் கீழ் நடக்கவில்லை. ஒரே நிலத்தில், ஒரே காலத்தில், இரண்டு வெவ்வேறு படைகள் இயங்கின. செய்தியைப் படிப்பவர் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

2013 ஜனவரி இறுதியில் மாலியின் திம்புக்டு அருகே பிரெஞ்சுப் பாராசூட் வீரர்கள் உண்மையிலேயே இரவில் குதித்தார்கள். அதுவும் பிரான்ஸ் தன் பெயரில் நடத்திய போர் நடவடிக்கை, ஐ.நா. அமைதிப் படை மாலியில் பொறுப்பேற்றது அதே ஆண்டு ஜூலையில்தான்.

ஐ.நா. கொடியின் கீழ் இந்தியர்கள் பாராசூட்டில் குதித்த ஒரு நிகழ்வை இங்கே சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 1951 மார்ச் 23 அன்று கொரியாவின் முன்சான் பகுதியில் அமெரிக்கப் பாராசூட் படையுடன் குதித்தவர்கள் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவினர். அதன் தலைவர் தமிழரான லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். கொரியா அமைதி காக்கும் பணி அன்று, ஐ.நா. கொடியின் கீழ் நடந்த போர். ஆயினும் அவர்கள் சுமந்து சென்றது அறுவைச் சிகிச்சைக் கருவிகளை.

ஐ.நா. ஏன் 'புலனாய்வு' என்ற சொல்லையே தவிர்த்து வந்தது?

அமைதி காக்கும் பணி மூன்று தூண்களின் மேல் நிற்கிறது: மோதும் தரப்புகளின் ஒப்புதல், நடுநிலை, தற்காப்புக்கும் ஆணையைக் காப்பதற்கும் அன்றிப் படைவலிமையைப் பயன்படுத்தாமை. ஒரு நாட்டின் மண்ணில் அந்த நாட்டின் சம்மதத்தோடு நிற்கும் விருந்தினர் அந்த வீட்டின் அலமாரிகளைத் திறந்து பார்த்தால் சம்மதம் நீடிக்காது. இதனால்தான் டாக் ஹமர்ஷீல்ட் ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்தபோது அதற்கென நிலையான புலனாய்வு அமைப்பு வேண்டாம் என்றார். ஆனால் காங்கோவில் 1960-இல் தொடங்கிய பணி அவரது கொள்கையைச் சோதித்தது. அங்கே வானொலிச் செய்திகளை இடைமறித்துக் கேட்கும், வான்வழிப் படங்களை ஆராயும், பிடிபட்டவர்களை விசாரிக்கும் ஒரு பிரிவு உருவானது. அதற்குச் சூட்டிய பெயர் 'இராணுவத் தகவல் கிளை'. செயல் வந்துவிட்டது, சொல் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டது.

தகவல் இல்லாமையின் விலையும் கொடியது. ருவாண்டாவில் 1994 ஜனவரி 11 அன்று, படுகொலைத் திட்டத்தையும் மறைத்து வைத்த ஆயுதங்களையும் பற்றி ஒரு தகவலாளி சொன்னதை அங்கிருந்த ஐ.நா. படையின் தளபதி ரோமியோ டலேர் நியூயார்க்குக்குத் தந்தியாக அனுப்பினார். ஆயுதங்களைக் கைப்பற்ற அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரல் 7 அன்று பெல்ஜியத்தின் பாரா கமாண்டோப் படையைச் சேர்ந்த பத்து அமைதி காக்கும் வீரர்கள் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து நடந்த இனப்படுகொலை உலகம் அறிந்தது. ஆகவே, 'பார்க்கவே கூடாது' என்ற நிலைப்பாட்டை மனச்சாட்சியோடு எவரும் ஆதரிக்க முடியாது. எப்படிப் பார்ப்பது, யாருக்குச் சொல்லிவிட்டுப் பார்ப்பது என்பதே மீதமிருக்கும் கேள்வி.

போஸ்னியா: இரண்டு வேடங்கள் மோதிக்கொண்ட இடம்

இந்த விவாதத்தில் மிகவும் பாடம் தருவது போஸ்னியா. 1994-இல் அங்கே ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ் தளபதி மைக்கேல் ரோஸ், தமக்கு நேரடியாகத் தகவல் சொல்லக்கூடிய சிறு குழுக்களை நிறுத்தினார். முதலில் தொடர்பு அதிகாரிகள் என்றும், பின்னர் கூட்டு ஆணையப் பார்வையாளர்கள் என்றும் அழைக்கப்பட்ட அவர்கள் உண்மையில் பிரிட்டிஷ் சிறப்பு வான்படைச் சேவையைச் சேர்ந்தவர்கள். எஸ்.ஏ.எஸ். என்று அறியப்படும் அந்தப் பிரிவு இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையாகப் பிறந்தது. முற்றுகையில் இருந்த கோராஷ்டே நகரில் அவர்கள் முன்னரங்கைப் பார்த்துத் தகவல் அனுப்பினார்கள். 1994 ஏப்ரலில் நேட்டோ விமானங்களுக்கு இலக்கைக் காட்டியவர்களும் அவர்களே. அவர்களில் ஒருவர் அங்கே உயிரிழந்தார்.

அவர்கள் அனுப்பிய தகவல் தேவையானது, துணிவோடு பெறப்பட்டது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மறுபுறத்தைப் பாருங்கள். 'பார்வையாளர்' என்ற சொல் அதே நிலத்தில் வேறு சிலருக்கும் சொந்தமாக இருந்தது. ஐ.நா. இராணுவப் பார்வையாளர்கள் ஆயுதம் இல்லாதவர்கள். இரு தரப்பு முன்னரங்குகளுக்கும் நடுவே வெறும் கையோடு வண்டியில் சென்று, பீரங்கிக் குண்டுகள் எங்கிருந்து வந்தன என்று எண்ணிக் குறிப்பெழுதுபவர்கள். அவர்களுக்கிருந்த ஒரே கவசம், அவர்கள் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும் என்பது. பார்வையாளர் எனப்படுபவர் குண்டுவீச்சுக்கு வழிகாட்டவும் கூடும் என்று ஒரு தரப்பு நம்பத் தொடங்கிவிட்டால் அந்தக் கவசம் எல்லோருக்கும் சேர்த்தே கழன்றுவிடுகிறது.

1995 மே 25, 26 நாட்களில் நேட்டோ குண்டுவீசியதும், போஸ்னிய செர்பியப் படைகள் ஏறத்தாழ நானூறு ஐ.நா. பணியாளர்களைப் பிணைக் கைதிகளாகப் பிடித்தன. ஆயுதமற்ற பார்வையாளர்கள் சிலரை வெடிமருந்துக் கிடங்குகளின் அருகே கம்பங்களில் விலங்கிட்டுக் கட்டி, அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். குண்டுவீச்சே அதற்கு உடனடிக் காரணம். ஆயினும் யார் பார்க்கிறார், யார் தாக்குகிறார் என்ற எல்லைக்கோடு ஓராண்டுக்கு மேலாகத் தேய்ந்துகொண்டு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1. தாக்கப்பட்ட விமானத்திலிருந்து உயிர் தப்பக் குதிப்பவரைக் காற்றில் இருக்கும்போது சுடக் கூடாது. ஆனால் அதே விதி, வான்வழிப் படையினருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் தெளிவாகச் சொல்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறையின் 42-ஆவது பிரிவு இது. மேலிருந்து இறங்கும் உருவத்தைப் பார்க்கும் காவலர் அவர் அமைதி காக்க வருகிறாரா, தாக்க வருகிறாரா என்று இருட்டில் அறிய முடியாது.

2. தன் படையின் சீருடையில் இருந்தபடி தகவல் திரட்டுபவர் ஒற்றர் ஆகமாட்டார் (46-ஆவது பிரிவு). சீருடையைக் கழற்றிவிட்டுச் சென்று பிடிபட்டால் போர்க்கைதி என்ற தகுதியை இழப்பார்.

3. ஐ.நா.வின் சின்னத்தையோ சீருடையையோ பொய்யாகக் காட்டி எதிரியின் நம்பிக்கையைப் பெற்று அவரைக் கொல்வதோ பிடிப்பதோ வஞ்சகம் எனத் தடை செய்யப்பட்டுள்ளது (37-ஆவது பிரிவு). ஐ.நா. அனுமதி இல்லாமல் அதன் சின்னத்தைப் பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்டதே.

4. அமைதி காக்கும் பணியாளரைத் தாக்குவது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டப்படி போர்க்குற்றம். ஆனால் அவர் பொதுமக்களுக்குரிய பாதுகாப்புக்குத் தகுதி உடையவராக இருக்கும்வரைதான் அது பொருந்தும்.

இந்த நான்கில் நான்காவதே கனமானது. ஒரு மறைவான குழு தாக்குதலுக்கு இலக்குக் காட்டுகிறது என்றால் அது சண்டையில் நேரடியாகப் பங்கேற்கிறது என்று வாதிட இடமுண்டு. அப்போது நீலத் தொப்பியின் சட்டப் பாதுகாப்பும் கேள்விக்குள்ளாகிறது.

ஒப்புதல் எவ்வளவு மெல்லிய நூல்

வானிலிருந்து இறக்குவது எதுவாயினும் அது முதலில் வான் எல்லையைத் தொடுகிறது. 1987 ஜூன் 4 அன்று இந்தியாவின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைவர, யாழ்ப்பாணத்தின் மேல் பாராசூட்டில் இறக்கியவை உணவும் மருந்துமே. இருந்தும் இலங்கை அதைத் தன் இறைமையை மீறிய செயல் என்று கண்டித்தது. அரிசி மூட்டைக்கே இந்த நிலை என்றால், தொலைநோக்கியோடு இறங்கும் ஆறு வீரர்களை எந்த அரசு எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை ஊகிக்கலாம்.

அதே ஆண்டு அக்டோபரில், அமைதி காக்கும் படை என்ற பெயரோடு வந்திருந்த இந்தியப் படை, விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிக்கும் நோக்கில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் பாரா கமாண்டோக்களை எம்.ஐ.-8 ஹெலிகாப்டர்களில் இறக்கியது. வானொலித் தொடர்புகளை இடைமறித்துக் கேட்ட புலிகள் முன்பே காத்திருந்தனர். கமாண்டோக்களோடு இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் சிறு அணியில் ஏறக்குறைய அனைவரும் உயிரிழந்தனர். அதன் பிறகு அமைதி காக்கும் படை என்ற பெயருக்கு அந்த மண்ணில் பழைய பொருள் இல்லாமல் போனது.

அண்மைய எடுத்துக்காட்டுக்கு மாலியைப் பார்க்கலாம். 2022 ஜூலையில் பமாகோ விமான நிலையத்தில் வந்திறங்கிய ஐவரி கோஸ்ட் வீரர்கள் 49 பேரை மாலி அரசு கைது செய்து, கூலிப்படையினர் என்று குற்றம் சாட்டியது. ஐ.நா. பணிக்குத் துணைபுரியும் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் என்றது அவர்களின் அரசு. பெரும்பாலோர் 2023 ஜனவரியில் பொதுமன்னிப்பில் விடுதலையாகும்வரை சிறையில் இருந்தனர். பகலில், விமான நிலையத்தில், சீருடையோடு வந்தவர்களின் கதை இது. 2023 ஜூனில் ஐ.நா. பணிக்குத் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக மாலி அறிவித்தது; டிசம்பர் 31-இல் பணி முடிவுக்கு வந்தது.

மாலிப் பணிக்கு ஒரு புலனாய்வுப் பிரிவும் இருந்தது. நெதர்லாந்துச் சிறப்புப் படையினர், சுவீடனின் வேவுப் பிரிவு, ஆளில்லா விமானங்கள் என்று ஐ.நா. அதுவரை கண்டிராத வசதிகள் அதற்குக் கிடைத்தன. அதன் மீது எழுந்த முதன்மையான குறை, ஐரோப்பியப் படைகளின் பாதுகாக்கப்பட்ட வலைப்பின்னலில் சேர்ந்த தகவல், சாலையில் கண்ணிவெடிகளை எதிர்கொண்ட ஆப்பிரிக்கப் படைப்பிரிவுகளுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பது. அந்தப் பணியில் 300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறைவு எதிரிக்கு எதிராக மட்டும் செயல்படுவதில்லை. பக்கத்துக் கூடாரத்துக்கும் அது சுவராகிவிடுகிறது.

இப்போது யார் பார்க்கிறார்கள்?

அமைதிப் பணிக்குப் பாராசூட் வேவு அரிதாகவே தேவைப்படுவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. வண்டியில் செல்லவும் ஹெலிகாப்டரில் பறக்கவும் அதற்கு ஏற்கெனவே உரிமை இருக்கிறது. அந்த உரிமையை அரசு மறுத்தால் அது ஒப்புதல் தளர்வதன் அறிகுறி. இரவில் குதித்து அந்த மறுப்பைத் தாண்ட முயல்வது மிச்சமிருக்கும் ஒப்புதலையும் அறுத்துவிடும்.

ஆளில்லா விமானம் இந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. 2013 டிசம்பரில் காங்கோவின் கோமா நகரில் ஐ.நா. தன் முதல் ஆளில்லா வேவு விமானத்தை இதழாளர்கள் முன்னிலையில் வானில் ஏற்றியது. ஆயுதமற்றது, அரசின் சம்மதம் பெற்றது, எல்லோருக்கும் அறிவிக்கப்பட்டது. 2014 மே மாதம் கிவு ஏரியில் படகு ஒன்று கவிழ்ந்ததை அதன் கேமரா கண்டு சொன்னதால் சிலரைக் காப்பாற்ற முடிந்தது. எனினும் மரக்கிளைகளுக்குக் கீழே நடப்பது அந்தக் கேமராவுக்குத் தெரியாது. கூட்டத்தில் நிற்பவர்களில் யார் வெளியூர்க்காரர் என்று அதனால் சொல்ல முடியாது.

அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். காங்கோப் பணியில் 2010 முதல் சமூகத் தொடர்பு உதவியாளர்கள் என்ற பெயரில் உள்ளூர் மக்கள் அமர்த்தப்பட்டனர். ஐ.நா. முகாமுக்கும் கிராமங்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பவர்களும், ஆபத்து வருகிறது என்று கைபேசியில் எச்சரிக்கும் மக்களின் அழைப்பை ஏற்பவர்களும் அவர்களே. அவர்கள் மறைந்திருப்பதில்லை, எல்லோருக்கும் அவர்களின் வீடு எது என்று தெரியும். அவர்கள் திரட்டுவது மக்களின் பாதுகாப்புக்கான தகவல் மட்டுமே என்று ஊர் நம்பும்வரைதான் அந்தக் கைபேசி ஒலிக்கும். தெற்குக் கிவு மாகாணத்திலிருந்து 2024 ஜூனில் ஐ.நா. படை விலகியபோது வெள்ளை வண்டிகள் கிளம்பிச் சென்றன. அந்த உதவியாளர்களுக்கோ போக வேறு ஊர் இல்லை. அவர்களை அயலார் இனி தொடர்பு உதவியாளர் என்று நினைவுகொள்வார்களா, ஒற்றர் என்று நினைவுகொள்வார்களா என்பதை, அவர்கள் ஒருபோதும் பார்த்திராத ஓர் இரவு நடவடிக்கைகூடத் தீர்மானித்துவிட முடியும்.